480 கட்டங்கள், 99 வெடிகள்

பொங்கலுக்கு அக்கா புனேயிலிருந்து வந்திருந்தாள். போகிக்கு முதல் நாள் பரணைச் சுத்தம் செய்தபோது, பித்தளை அண்டாவுக்குப் பின்னால் பழைய போர்வை சுற்றி வைத்திருந்த எங்கள் முதல் கம்ப்யூட்டர் கைக்கு வந்தது. 2004-ல் அப்பா வாங்கியது. பென்டியம் 4, 256 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி, அடியில் உருண்டை வைத்த மவுஸ். எடைக்குப் போட்டுவிடலாம் என்றாள் அம்மா. "ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துடலாம்டா" என்றாள் அக்கா.

மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துபோயிருந்தது, கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து போட்டேன். மவுஸின் அடிமூடியைத் திருகி உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் வரிவரியாகப் படிந்திருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினேன், சின்ன வயதில் மாதம் ஒரு முறை செய்த அதே வேலை. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் இரைந்தது, கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சை மேடும் நீல வானமும் வந்துவிட்டன. அக்கா மெனு எதையும் தேடவில்லை. நேராக ரன் பெட்டியைத் திறந்து வின்மைன் என்று அடித்து என்டர் தட்டினாள்.

சாம்பல் நிறப் பலகை, மேலே மஞ்சள் முகம், இடப்பக்கம் சிவப்பில் 099, வலப்பக்கம் 000. மைன்ஸ்வீப்பர்.

ஆடாதவர்களுக்கு ஒரு வரி: மூடிய கட்டங்களில் சிலவற்றுக்குள் வெடி ஒளிந்திருக்கும், ஒன்றைத் திறந்தால் வரும் எண் அதை ஒட்டிய கட்டங்களில் எத்தனை வெடி என்று சொல்லும், சுற்றிலும் வெடியே இல்லை என்றால் எண் வராமல் அந்த இடம் மொத்தமாகத் திறந்துகொள்ளும். வெடி என்று தெரிந்த கட்டத்தில் கொடி வைக்கலாம், வெடி இல்லாத கட்டங்களையெல்லாம் திறந்துவிட்டால் வெற்றி. இடப்பக்க எண் மிச்சமிருக்கும் வெடிகள், வலப்பக்கம் நொடிகள். இத்தனை வருடமாக நானும் இந்த ஆட்டத்தை விடவில்லை. ஆனால் பெரும்பாலும் பிரவுசரில்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், ராத்திரி தூக்கம் வராவிட்டால் அரை மணி நேரம். அதனால் அந்த லீவு முழுக்க மேஜையில் ஒரு பக்கம் எக்ஸ்பி, பக்கத்திலேயே என் லேப்டாப், இரண்டிலும் மாறி மாறி ஆடிப் பார்த்தோம். ஒரே ஆட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எங்கே வேறுபடுகிறது என்று எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் கதை. ராபர்ட் டோனர், கர்ட் ஜான்சன் என்ற இரண்டு பேர் மைக்ரோசாஃப்ட்டில் எழுதியது இது. 1990-ல் தனியாக விற்ற விளையாட்டுத் தொகுப்பில் வந்தது, 1992-ல் விண்டோஸ் 3.1 வந்தபோது சிஸ்டத்தோடேயே சேர்ந்தது. அதிலிருந்து விண்டோஸ் 7 வரை, விண்டோஸ் வாங்கியவர்களுக்கெல்லாம் இது கூடவே வந்த பொருள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அந்தத் தொடர்ச்சி அறுந்தது. வேண்டுமானால் ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படி இறக்கிய புது ஆட்டத்தில் தினசரிப் போட்டி, சாகசம் என்று நிறையச் சேர்த்திருந்தார்கள், விளம்பரங்களும் சேர்ந்திருந்தன. அந்த நேரத்தில்தான் என் மாதிரி நிறையப் பேர் பிரவுசர் பக்கம் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கூகுளில் மைன்ஸ்வீப்பர் என்று தேடினாலே தேடல் பக்கத்தின் மேலேயே ஒரு பச்சைப் புல்தரை வரும், எதையும் இறக்க வேண்டாம். இப்போது நிறையப் பேருக்குத் தெரிந்த மைன்ஸ்வீப்பர் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, முதல் கிளிக்குக்கு வருகிறேன். எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது அதுதான்.

கூகுள் பலகையில் முதல் கிளிக் செய்ததும் புல் பெயர்ந்து ஒரு பெரிய இடம் திறந்துகொள்ளும். சுற்றிலும் எண்கள் தெரியும், உடனே யோசிக்க ஆரம்பிக்கலாம். எக்ஸ்பியில் அந்தச் சலுகை பாதிதான். முதல் கிளிக்கில் வெடிக்காது என்பது மட்டும் உறுதி. நீங்கள் தொட்ட கட்டத்தில் வெடி இருந்தால், ஆட்டம் அதைச் சத்தமில்லாமல் எடுத்து இடது மேல் மூலையில் வைத்துவிடும், அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதற்கடுத்த காலிக் கட்டத்தில். ஆனால் இடம் திறக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. பெரும்பாலும் ஒற்றை 2 அல்லது ஒற்றை 1 வந்து நிற்கும். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது கிளிக் முழுக்க முழுக்கக் குருட்டாம்போக்கு.

அக்கா ஏன் எப்போதும் மூலையில் ஆரம்பிப்பாள் என்பது எனக்கு இந்த லீவில்தான் புரிந்தது. பதினான்கு வயதில் அதைச் சகுனம் என்று நினைத்திருந்தேன். மூன்று நிலைகளில் கடினமான எக்ஸ்பர்ட் பலகையில் 480 கட்டங்களுக்கு 99 வெடிகள், அதாவது ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். நடுவில் இருக்கும் கட்டத்துக்கு எட்டு அண்டைக் கட்டங்கள், எட்டும் வெடி இல்லாமல் இருந்தால்தான் இடம் திறக்கும். அதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 16 அளவில்தான். மூலைக்கு அண்டைக் கட்டங்கள் மூன்றே மூன்று. அங்கே வாய்ப்பு ஏறக்குறைய சரிபாதி. அக்கா கணக்குப் போடவில்லை, ஆடி ஆடியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். மூலையில் தட்டுவாள், எண் வந்தால் அடுத்த மூலை, வெடித்தால் புது ஆட்டத்துக்கு எஃப்2, மறுபடி மூலை. அவள் விரல் எஃப்2 மேலேயே உட்கார்ந்திருக்கும். பிரவுசரில் பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் வர வாய்ப்பே இல்லை, அதற்குத் தேவையும் இல்லை.

பலகையின் வடிவமும் ஒன்று கிடையாது. எக்ஸ்பியின் எக்ஸ்பர்ட் 30-க்கு 16. கூகுளின் கடினப் பலகை 24-க்கு 20. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 480. வெடிகளும் இரண்டிலும் 99. நெருக்கம் ஒன்றேதான், வடிவம் மட்டும் வேறு. எக்ஸ்பி பலகை நீண்ட தாழ்வாரம் மாதிரி. ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைக்கு நடந்து போவது போல ஆடலாம், கண் இடமிருந்து வலமாகப் போகும், புத்தகம் படிக்கிற மாதிரி. கூகுள் பலகை முற்றம். நடுவில் திறந்து நாலு பக்கமும் விரிகிறது, எந்தப் பக்கம் விட்டோம் என்று தேடவே நேரம் போகிறது. எனக்குத் தாழ்வாரம்தான் பிடித்திருக்கிறது.

எண்களின் நிறத்தையும் சொல்ல வேண்டும். எக்ஸ்பியில் 1 நீலம், 2 பச்சை, 3 சிவப்பு, 4 கருநீலம். சாம்பல் பின்னணியில் அந்த நிறங்கள் அப்படியே எடுத்துக் காட்டும், கொஞ்ச நாளில் எண்ணைப் படிப்பதை விட்டுவிட்டு நிறத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவோம். நீலம் பச்சை நீலம் என்று ஒரே வரிசையில் மூன்று, அதற்கு மேலே மூடிய கட்டங்கள் நேர்வரிசையில், இதுதான் 1-2-1. பச்சைக்கு நேர் மேலே இருப்பது காலி, நீலங்களுக்கு நேர் மேலே இரண்டு வெடி. நீலம் பச்சை பச்சை நீலம் என்றால் பச்சைகளுக்கு மேலேதான் வெடி. இதையெல்லாம் யோசிப்பதே இல்லை, கை தானாகப் போகும். அக்கா கை போகிற வேகத்துக்கு என் கண் போகாது. இடது பட்டனையும் வலது பட்டனையும் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவாள். ஒரு எண்ணுக்கு வேண்டிய கொடிகளையெல்லாம் வைத்தாகிவிட்டது என்றால், மிச்ச அண்டைக் கட்டங்கள் மொத்தமாகத் திறந்துகொள்ளும். அந்தப் பழைய மவுஸில் இரண்டு பட்டனும் சேர்ந்து விழும்போது ஒரு தடித்த 'டக்' சத்தம் வரும். கீழே அறையில் படுத்திருந்தாலும் அந்தச் சத்தத்தை வைத்தே அக்காவின் ஆட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், டக் டக் டக் என்று வேகமாக வந்து திடீரென்று நின்றால் பலகை முடியப் போகிறது, கடைசி மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். லேப்டாப்பின் டச்பேடில் இந்த அழுத்தத்துக்கு இடமே இல்லை. சில பிரவுசர் ஆட்டங்களில் திறந்த எண்ணின் மேல் ஒரு கிளிக் செய்தாலே போதும், வசதிதான், வேகமும் கூடும். ஆனால் கை செய்கிற வேலையாக அது இல்லை. ஃபோனில் இன்னும் மோசம், கொடி வைக்க விரலை அழுத்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டும், அந்த அரை நொடியில் யோசனையின் ஓட்டம் அறுந்துவிடுகிறது.

இடையில் ஒரு விஷயம். முல்லைத்தீவைச் சேர்ந்த ஒருவர் என்னோடு சில வருடம் வேலை பார்த்தார். அப்போது ஆபீஸில் விண்டோஸ் 7. அவர் சிஸ்டத்தில் மைன்ஸ்வீப்பர் திறந்தால் வெடிகளுக்குப் பதிலாகப் பூக்கள் இருக்கும். விஸ்டாவிலிருந்து அந்தத் தோற்றம் உள்ளேயே இருந்தது, செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். அழகுக்காக வைத்திருக்கிறார் என்று நினைத்து ஒரு நாள் கேட்டேன். "எங்கட ஊரில கண்ணிவெடி எண்டா விளையாட்டில்லை தம்பி" என்றார். வன்னியில் போர் முடிந்த பிறகும் வருடக்கணக்காக நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்து வெடிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் உள்ளூர்ப் பெண்கள் நிறையப் பேர். இத்தாலியிலும் இதே காரணத்துக்காக இந்த ஆட்டத்துக்கு எதிராக ஒரு இயக்கம் நடந்தது, பூ வந்ததற்கு அந்தக் குரல்களும் ஒரு காரணம் என்பார்கள். அவரோடு பேசிய பிறகு நானும் ஆபீஸில் பூவுக்கு மாற்றிக்கொண்டேன். இந்தத் தலைப்பில் 'வெடி' என்று எழுதும்போதும் அவர் ஞாபகம் வந்தது.

ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். மைன்ஸ்வீப்பர் ஆடும் எல்லோருக்கும் தெரிந்த வேதனை ஒன்று உண்டு. நானூறு கட்டங்களுக்கு மேல் ஒவ்வொன்றாக யோசித்துத் திறந்திருப்போம், கடைசியில் ஒரு மூலையில் இரண்டு கட்டம் மிச்சம், ஒரு வெடி. எந்தக் கட்டத்தில் என்று எந்த எண்ணும் சொல்லாது. காசு சுண்டுவது போலத்தான். எக்ஸ்பி அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. வெடிகளை வாரி இறைத்துவிட்டு, உன் பாடு என்று விட்டுவிடும். அக்கா அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள். மஞ்சள் முகம் கறுப்புக் கண்ணாடி போட்டால் ஒரு கத்தல் வரும், கண்ணில் பெருக்கல் குறி விழுந்தால் நாற்காலி பின்னால் தள்ளப்படும்.

பிரவுசர் பக்கம் இதற்குத் தீர்வு இருக்கிறது. சைமன் டாத்தம் என்ற பிரிட்டிஷ் புரோகிராமரின் புதிர்த் தொகுப்பில் 'மைன்ஸ்' என்று ஒன்று உண்டு, பிரவுசரிலேயே ஆடலாம். அதில் ஊகிக்கவே தேவையில்லாத பலகைதான் வரும். எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். நாம் முதல் கிளிக் செய்த பிறகுதான் பலகையே உருவாகிறது. புரோகிராம் வெடிகளைத் தூவிவிட்டு, தானே நம் இடத்தில் உட்கார்ந்து தர்க்கத்தால் மட்டும் தீர்த்துப் பார்க்கும். எங்காவது மாட்டிக்கொண்டால் அந்த இடத்தைச் சுற்றி வெடிகளைக் கொஞ்சம் மாற்றி வைத்து மறுபடி முயலும். முழுக்கத் தீர்க்க முடிந்த பலகை கிடைத்த பிறகே நம் கண்ணுக்குக் காட்டும். இதெல்லாம் நாம் கிளிக் செய்து விரலை எடுப்பதற்குள் நடக்கிறது. 2000-ல் ரிச்சர்ட் கே என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர், மைன்ஸ்வீப்பர் நிலை ஒன்று சாத்தியமானதுதானா என்று தீர்மானிப்பதே கணினியியலில் வேகமாகத் தீர்க்கும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்காத கடினமான கேள்விகளின் வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார். அதைப் படித்துவிட்டுப் பார்த்தால் இந்தச் சின்ன புரோகிராம் மேல் பெரிய மரியாதை வருகிறது.

ஊகம் இல்லை என்றதும் கைவரிசை காட்ட அவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. 9-க்கு 9 பலகையில் 35 வெடி வைக்கிறார்கள், எக்ஸ்பியின் ஆரம்ப நிலையான பிகினரில் அதே அளவுக்குப் பத்துதான். 30-க்கு 16-ல் 170 வெடி. எக்ஸ்பியில் அப்படி ஒரு பலகையை நாமே அமைத்தால் ஆட முடியாது, பத்து கிளிக்குக்குள் செத்துவிடுவோம். இங்கே வழி கட்டாயம் இருக்கிறது, அது கண்ணுக்குப் படவில்லை என்றால் நாம் இன்னும் பார்க்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அந்த நம்பிக்கையோடு ஒரு மூலையைக் கால் மணி நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது தனி சுகம். எனக்கு மைன்ஸ்வீப்பர் உண்மையில் எவ்வளவு ஆழமான ஆட்டம் என்று புரிந்தது இங்கேதான், எக்ஸ்பியில் இல்லை. இதில் செத்தாலும் ஆட்டம் முடிவதில்லை. ஒரு படி பின்னால் போய்த் தொடரலாம், எத்தனை தடவை செத்தோம் என்ற கணக்கு மட்டும் கீழே நிற்கும்.

அக்காவுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "கடைசி ரெண்டு கட்டத்துல வயித்தைக் கலக்கணும்டா, அது இல்லாம என்ன ஆட்டம்" என்றாள். அவளுக்கு மைன்ஸ்வீப்பர் என்றால் ஓட்டப்பந்தயம். எனக்குக் கணக்குப் புதிர். முன்பு இரண்டுக்கும் ஒரே பலகைதான் இருந்தது, இப்போது பிரிந்துவிட்டது, அவ்வளவுதான். வேகத்துக்கு ஆடுபவர்களுக்கான பிரவுசர் தளங்களும் இருக்கின்றன. அவற்றில் பலகை முடிந்ததும் நொடியின் தசமப் புள்ளி வரை நேரத்தைக் காட்டி, பக்கத்தில் 3பிவி என்று ஒரு எண்ணையும் காட்டுவார்கள். பெக்டெல் என்பவர் பெயரில் வந்த அளவு அது, கொடியே வைக்காமல் அந்தப் பலகையை முடிக்கக் குறைந்தது எத்தனை கிளிக் வேண்டும் என்ற கணக்கு. அதைப் பார்த்த பிறகுதான் 140 நொடியில் முடித்த இரண்டு பலகைகள் சமமில்லை என்று அக்கா ஒத்துக்கொண்டாள். எக்ஸ்பி முழு நொடியைத் தவிர வேறெதையும் சொன்னதில்லை.

அந்த முழு நொடிகள் எங்கள் வீட்டில் என்ன பாடு படுத்தின என்பது வேறு கதை. எக்ஸ்பி மைன்ஸ்வீப்பரில் சாதனை நேரங்களுக்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு. மூன்றே மூன்று வரி, பிகினர், இன்டர்மீடியட், எக்ஸ்பர்ட். யாரும் ஆடாதபோது மூன்றிலும் 999 என்றும் பெயர் தெரியாதவர் என்றும் இருக்கும். ஒரு வரிக்கு ஒரே ஒரு பெயர்தான், இரண்டாம் இடம் என்று ஒன்று கிடையாது. எக்ஸ்பர்ட் வரிக்காக நானும் அக்காவும் இரண்டு வருடம் அடித்துக்கொண்டோம். 121 நொடியில் அக்கா முடித்தபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அவள் பெயரை டைப் செய்யும்போது கை நடுங்கியது. அந்தப் பெட்டியின் அடியில் சரி என்ற பட்டனுக்குப் பக்கத்திலேயே, ஒரு விரல் அகலத்தில், எல்லாவற்றையும் அழித்துவிடும் பட்டனும் இருக்கும். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று கேட்கக்கூடச் செய்யாது. 2006 கோடை லீவில் வந்த பெரியப்பா பையன் அதைத் தட்டிவிட்டான். அவனுக்கு ஆறு வயது. அக்கா அவனைத் திட்டவில்லை, எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் காலேஜ் போகும் வரை ஆடியும் 138-க்குக் கீழே அவளால் வர முடியவில்லை.

பரணிலிருந்து இறக்கிய அன்று முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறந்தோம். எக்ஸ்பர்ட் 138, அக்கா பெயர். அத்தனை வருடம் போர்வைக்குள் கரண்ட் இல்லாமல் கிடந்த ஒரு பெட்டிக்குள் அவள் தன் கையால் அடித்த பெயர் அப்படியே இருந்தது. நான் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தாள்.

பிரவுசரில் நான் பத்து வருடத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன், ஒரு நேரம்கூட மிச்சமில்லை. அக்கவுன்ட் இல்லாமல் ஆடினால் நேரங்கள் அந்த பிரவுசருக்குள்தான் கிடக்கும்; குக்கீயையும் தளங்களின் டேட்டாவையும் துடைத்தால் போச்சு, வேறு லேப்டாப்புக்கு மாறினால் போச்சு. எக்ஸ்பியிலும் ஃபார்மேட் அடித்தால் போச்சுதான், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில்தானே இருக்கிறது. ஆனால் அது அந்த வீட்டுப் பெட்டி, யார் பெயர் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிரவுசரில் என் நேரம் எனக்கு மட்டும்தான். உலகத் தரவரிசை வைத்திருக்கும் தளங்களில் பதிவு செய்தால் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கீழே ஒரு எண்ணாக நிற்கலாம், அதில் எனக்கு ஆர்வம் வரவில்லை. தோற்கடிக்க எனக்கு ஒரே ஒரு ஆள்தான் வேண்டும்.

இதைத்தான் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது. அப்போதுதான் டாத்தம் ஆட்டத்தின் அடியில் இருக்கும் ஒரு வசதி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பலகைக்கும் நீளமான ஒரு எழுத்து வரிசை உண்டு, அந்தப் பலகையின் அடையாளம் அது. முதல் கிளிக் செய்ததும் அது உருவாகிவிடும், லிங்க்காக எடுத்து யாருக்கும் அனுப்பலாம். அவர்கள் திறந்தால் அதே பலகை, அதே இடங்களில் வெடி, அதே முதல் கட்டம். எக்ஸ்பியில் இது முடியவே முடியாது. ஒரே நாற்காலிக்குச் சண்டை போட்டு ஆடினோம், ஆனால் ஒரு தடவைகூட இரண்டு பேரும் ஒரே பலகையை ஆடியதில்லை. அவள் 121-ல் முடித்த பலகை அவளுக்கு மட்டும் வந்தது, என் பலகை எனக்கு. யாருக்கு எளிதாக வந்தது என்ற சண்டைக்கு அதனால்தான் முடிவே வரவில்லை.

அப்போதே முயன்று பார்த்தோம். நான் ஹாலில் லேப்டாப், அவள் உள்ளறையில் ஃபோன், 16-க்கு 16, 40 வெடி. அவள்தான் முதலில் முடித்தாள். நான் முடித்ததும் இருவரும் உட்கார்ந்து, வலது ஓரத்தில் நீ எப்படிப் போனாய், அந்த 3-ஐ எங்கிருந்து உடைத்தாய் என்று அரை மணி நேரம் பேசினோம். இருபது வருடத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றி இப்படிப் பேசியதே இல்லை. பேச முடிந்ததும் இல்லை, நான் பார்த்ததை அவள் பார்த்ததில்லையே.

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடவில்லை. என் அறை மேஜையில் இருக்கிறது, நெட் இல்லை, இணைக்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன் செய்து மூலையிலிருந்து ஆரம்பிப்பேன், 138-ஐ இன்னும் தொட முடியவில்லை, 151 வரை வந்திருக்கிறேன். அங்கே ஆடும்போது வேறு டேப் இல்லை, மெசேஜ் வந்து விழாது, மேலே அந்த மஞ்சள் முகம் மட்டும், ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் வாயைப் பிளந்துகொண்டு.

வாரநாள் ராத்திரிகளில் லிங்க். நேற்று பதினொரு மணிக்கு அக்கா ஒன்று அனுப்பினாள், 30-க்கு 16, 170 வெடி. ஊகமில்லாத ஆட்டம் பிடிக்காது என்றவள்தான். "மேல இடது பக்கம் மாட்டிக்கிட்டேன், நீ பாரு" என்று கூடவே ஒரு வரி. பன்னிரண்டரை வரை பார்த்தேன். ஒரு 4-க்கும் 5-க்கும் நடுவில் ஒரு கட்டம் கட்டாயம் காலி என்று தெரிந்தது, அதைத் திறந்ததும் ஒரு 6 வந்தது. அதோடு லேப்டாப்பை மூடாமல் அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இன்று ராத்திரி அவளுக்கு ஃபோன் செய்து அந்த 6-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும்.